மகள் வளர்ந்துவிட்டாள், மட்டக்குதிரையை விற்பதா வைத்திருப்பதா?

மார்ச் 3, காலை: வாசகர் கேள்வி

அக்கா, என் மகளுக்கு 12 வயது. மட்டக்குதிரைக்கு 13. பெட்டைக்குதிரை, 12 கை (48 அங்குலம்) உயரம், சாது. மகள் ஏறி உட்கார்ந்தால் கால் இரண்டும் வயிற்றுக்குக் கீழே தொங்குகிறது. முன்பு தினமும் ஓட்டினாள், இப்போது வாரம் ஒரு நாள்கூட நிச்சயமில்லை. ஓட்டாத குதிரைக்குத் தீனி போடுவது வெறும் பாசம், விற்றுவிடு என்கிறார் அண்ணன். விற்றால் பிள்ளை உடைந்துபோவாள் என்கிறாள் மனைவி. பிள்ளையோ வாயே திறப்பதில்லை. என்ன செய்வது?

மார்ச் 3, இரவு

விற்றுவிடுங்கள்.

13 வயது என்பது மட்டக்குதிரைக்கு நல்ல வயது. குறும்பு அடங்கியிருக்கும், உடம்பு தளர்ந்திருக்காது. முதன்முதலாகக் குதிரை ஏறும் குழந்தைக்கு எல்லாரும் தேடுவது இப்படி ஒன்றைத்தான். ஐந்து வருடம் கழித்து இதே குதிரையை விற்கப் போனால் முதல் கேள்வியே வயதைப் பற்றித்தான் இருக்கும். மட்டக்குதிரைகள் பெரிய குதிரைகளைவிட அதிக நாள் வாழும். 25, 30 வயது சாதாரணம், அதைத் தாண்டுவதும் உண்டு. அப்படியென்றால் இன்னும் பதினைந்து வருடத்துக்குமேல் உங்கள் பொறுப்பு. அதற்குள் உங்கள் மகள் படித்து முடித்து வேலைக்கே போயிருப்பாள்.

ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் குளம்பு வளரும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது பல் பார்க்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், குடற்புழுவைக் கவனிக்க வேண்டும். ஓட்டவில்லை என்பதற்காக இதில் எதுவும் குறையாது.

உங்கள் அண்ணன் சொல்வது சரி.

மார்ச் 4

காலையில் எழுந்து பார்த்தால் ஒரே கேள்வியை நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள்: "நீங்கள் விற்றீர்களா?"

மாட்டிக்கொண்டேன். ஒன்றை விற்றேன். இன்னொன்று இப்போது இதை எழுதும் ஜன்னலுக்கு வெளியே வேலிக்கட்டையில் பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறது. அதன் பெயர் குண்டு. வாங்கும்போது வேறு பெயர் இருந்தது. அது யாருக்கும் நினைவில்லை. மகனுக்கு ஏழு வயதாகும்போது வந்தான், அப்போது குண்டுக்கு 13. இப்போது மகனுக்கு 13, குண்டுக்கு 19. மாதத்துக்கு ஒருமுறை ஓட்டினால் அதிகம். விற்கவும் இல்லை, வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கவும் இல்லை. நேற்று அவ்வளவு துணிச்சலாக எழுதியது ஊருக்குத்தான் உபதேசம்.

விற்றது மூத்த மகளின் குதிரை வெள்ளியை. வந்த குடும்பம் நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தது. "கடைசிவரைக்கும் எங்களோடுதான்" என்று சொன்னார்கள், நானும் நம்பினேன். எழுதி வாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து மகள் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று தொலைபேசியில் கேட்டால், "அதைக் கொடுத்துட்டோமே" என்றார்கள். யாரிடம்? ஒரு தரகரிடம். தரகர்? "அவர் யாருக்கோ கொடுத்தார்." அத்தோடு நூல் அறுந்தது. ஆறு வருடமாகிறது. சாலையில் வெள்ளை மட்டக்குதிரை எது போனாலும் என் மகள் அதன் இடது முன்னங்காலில் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பாள். கார் ஓட்டும்போதும் பார்ப்பாள், அதுதான் எனக்குப் பயம்.

அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நெடுநாள் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. சொன்ன அன்று உண்மையாகவே நினைத்திருப்பார்கள். விற்ற குதிரை விற்ற குதிரைதான். வாங்கியவர் என்ன செய்தாலும் நாம் கேட்க வழியில்லை.

மார்ச் 6

கால் தொங்குவதைப் பற்றி. அது பார்ப்பவர் கண்ணை உறுத்தும், குதிரையை உறுத்தாது. குதிரைக்குத் தெரிவது கனம்தான். ஒல்லியான நெட்டைப் பிள்ளையைவிடக் குட்டையான கனத்த பிள்ளை அதற்குப் பெரிய சுமை.

பலரும் வைத்திருக்கும் அளவு: ஏறுபவரும் சேணமும் மற்ற சாமான்களும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது. சரி, குதிரையின் எடையை எப்படிக் கண்டுபிடிப்பது? எடை மேடை எல்லார் வீட்டிலும் இருக்காது. அளவு நாடா போதும். மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து அதை அதாலேயே பெருக்கி, உடல் நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் வரும்.

இன்று குண்டை அளந்தேன். சுற்றளவு 152, நீளம் 136. கணக்குப் போட்டால் 264 கிலோ. அதில் 20 சதவிகிதம் 53 கிலோ. என் மகன் பூட்ஸ், தலைக்கவசத்தோடு 39, சேணம் 6. மொத்தம் 45. இன்னும் எட்டு கிலோ இடம் இருக்கிறது! இரண்டு வருடம் தாராளமாக ஓட்டலாம். நானே எதிர்பார்க்கவில்லை.

உங்கள் மகளையும் குதிரையையும் இப்படி அளந்து பாருங்கள். பெருக்கல் வகுத்தல் முடியும்வரை அண்ணனைப் பேசவிடாதீர்கள்.

மார்ச் 7

மேலே எழுதிய கணக்கு தப்பு.

அளந்த விதத்தை ஒருவர் விசாரித்தார், சொன்னேன், தலையில் அடித்துக்கொண்டிருப்பார். நீளத்தைத் தோளின் முன்முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனைவரை எடுக்க வேண்டும். நான் கழுத்தடியில் தொடங்கியிருக்கிறேன். சுற்றளவுக்கு நாடா முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், முதுகில் பிடரி முடியும் மேட்டுக்குப் பின்னால், உடம்போடு ஒட்டி வர வேண்டும். எனக்கு நாடா தளர்ந்து, கொஞ்சம் பின்னால் போய் வயிற்றையும் சேர்த்துச் சுற்றியிருக்கிறது. குண்டுக்கு வயிறு சேர்ந்தால் கணக்கு எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம்.

மகனை நாடாவின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி மறுபடி அளந்தேன். சுற்றளவு 145, நீளம் 130. எடை 230 கிலோ. 20 சதவிகிதம் 46. மகனும் சேணமும் 45.

எட்டு கிலோ இடம் ஒரு கிலோவாகிவிட்டது. அந்த ஒரு கிலோவும் பிள்ளை அடுத்த மாதம் போட்டுவிடுவான். அதுபோக இந்த 20 சதவிகிதம் நல்ல கட்டுடம்புள்ள, வேலைக்குப் பழகிய குதிரைக்கு. குண்டின் 230 கிலோவில் கொழுப்பு எவ்வளவு என்று அவனுக்கும் எனக்கும் தெரியும். கொழுப்பு சுமை தூக்காது, அதுவே ஒரு சுமை. 19 வயது முதுகு வேறு. ஆக, இவனை ஓட்டும் காலம் என் மகனுக்கு முடிந்துவிட்டது.

மார்ச் 7, பின்னேரம்

ஒரு விளக்கம் மட்டும். "12.2 கை" என்றால் பன்னிரண்டே கால் போலவா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஒரு கை என்பது நான்கு அங்குலம். புள்ளிக்குப் பின்னால் வருவது மிச்சமுள்ள அங்குலம். 12.2 என்றால் 50 அங்குலம். 12.3-க்கு அடுத்து 13 வந்துவிடும், 12.4 என்று எவராவது சொன்னால் அவரிடம் குதிரை வாங்காதீர்கள். 14.2 கை, அதாவது சுமார் 148 சென்டிமீட்டர்வரை மட்டக்குதிரைக் கணக்கு.

மார்ச் 8

சேணத்தை எடைபோட இறக்கியபோது ஒன்று கண்ணில் பட்டது. அங்கவடி, அதாவது ஏறுபவர் கால் வைக்கும் வளையம், தொங்கும் வாரின் உள்பக்கம், துளைகளுக்குப் பக்கத்தில், பேனாவால் சின்னதாக எண்கள். 7, 8, 9, 10, 11. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கால் எந்தத் துளைக்கு இறங்கியிருக்கிறது என்று மகன் குறித்து வைத்திருக்கிறான். எனக்குத் தெரியாது. 7 என்பதில் குறுக்குக் கோடு போட்டு அழகாக எழுதியிருந்தது. 11 அவசரக் கிறுக்கல். 12 இல்லை.

மார்ச் 9

நாடாவைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன். முதல் முப்பது சென்டிமீட்டரைக் குண்டு மென்றுவிட்டான். இனி யாரும் அவனை எடைபோட முடியாது.

மார்ச் 12

பிள்ளை வாய் திறப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். என் வீட்டிலும் அதே கதைதான். "குண்டை என்னடா பண்ணலாம்?" என்று சாப்பிடும்போது கேட்டால் தோளைக் குலுக்குவான். அதை நான் சோகம் என்று எடுத்துக்கொண்டேன். பாவம், பிரிய மனமில்லை என்று.

நேற்று குளம்பில் அப்பியிருந்த மண்ணை இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டிருந்தோம். கையில் வேலை இருக்கும்போது, முகம் பார்க்காமல் இருக்கும்போது, பிள்ளைகள் பேசுவார்கள். பின்னங்காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "வச்சிருந்தா நான் ஓட்டணுமா?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அவனுக்குக் குதிரை ஓட்டுவதில் ஆர்வம் போய் இரண்டு வருடமாகிறது. சொன்னால் குண்டை விற்றுவிடுவோம் என்று பயந்து சொல்லவில்லை. விற்றால் வெள்ளி மாதிரி ஆகிவிடும். அதனால் மாதத்துக்கு ஒருமுறை எனக்காக ஏறி இறங்கியிருக்கிறான். குண்டு வேண்டும், சவாரி வேண்டாம். இந்த இரண்டும் தனித்தனி என்பது எனக்குத் தோன்றவே இல்லை. குதிரை என்றால் ஓட்டுவது என்று நானே முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன்.

உங்கள் மகளிடம் "விற்கட்டுமா?" என்று கேட்காதீர்கள். "ஓட்டப் பிடிக்கிறதா?" என்று தனியாக ஒருநாள் கேளுங்கள். சாப்பிடும்போது வேண்டாம்.

மார்ச் 13

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, "அப்படியானால் முடிவைப் பிள்ளையிடமே விட்டுவிடலாமே" என்கிறார் ஒருவர். அதைச் சொல்லவில்லை. கேட்பது வேறு, முடிவைத் தலையில் கட்டுவது வேறு. 12 வயதுப் பிள்ளை "விற்றுவிடுங்கள்" என்று சொல்லி, பிறகு அந்தக் குதிரைக்கு ஏதாவது நேர்ந்தால், அதைப் பிள்ளை வாழ்நாள் முழுக்கச் சுமக்கும். முடிவு பெரியவர்களுடையது, பழியும் பெரியவர்களுடையதாக இருக்கட்டும்.

பொய்யும் வேண்டாம். "பெரிய பண்ணையில் நிறைய நண்பர்களோடு ஓடிக்கொண்டிருக்கிறது" என்று வெள்ளியைப் பற்றி நான் மகளுக்கு ஒரு வருடம் கதை சொன்னேன். பதினொரு வயதுப் பிள்ளை. நம்பவில்லை என்பதை எனக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தாள், அவ்வளவுதான். யார் யாருக்காகப் பொய் சொன்னோம் என்றே தெரியவில்லை.

மார்ச் 18

இத்தனை நாள் சொல்லாமல் தள்ளிப்போட்ட விஷயம். குண்டை விற்க நினைத்தாலும் எளிதில் விற்க முடியாது. போன வருடம் அவனுக்குக் குளம்பு அழற்சி வந்தது. லாமினைட்டிஸ்.

மழை விட்டு இரண்டு வாரம், புல் தளதளவென்று இருந்தது. ஒரு காலை அவன் நின்ற விதம் சரியாக இல்லை. முன்னங்கால்களை முன்னால் நீட்டி, உடம்பைப் பின்பக்கம் சாய்த்து, தரை சுடுகிற மாதிரி. குளம்பில் கை வைத்தால் வெப்பம். குளம்புக்கு மேலே, கணுவின் பின்பக்கத்தில் விரல் வைத்தால் நாடி திம்திம் என்று அடித்தது. வழக்கமாகத் தேடினாலும் கிடைக்காத நாடி அது. குளம்பின் வெளிச்சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கிற மெல்லிய இழைகள் வீங்கி வலுவிழப்பதுதான் நோய். முற்றினால் எலும்பே நிலைமாறித் திரும்பிவிடும்.

காரணம் பெரும்பாலும் சர்க்கரை. வளமான புல்லில் அது நிறைய. மட்டக்குதிரைகள் கொஞ்சத் தீனியிலேயே காலம் தள்ளும் உடம்புவாகு உள்ளவை, அதனால் கொழுப்பும் இன்சுலின் கோளாறும் சீக்கிரம் வரும். செல்லம் கொடுத்துத் தின்னவிட்டது நாங்கள்தான். குண்டு என்று பெயர் வைத்துச் சிரித்ததும் நாங்கள்தான். இப்போது மேய்ச்சலுக்கு அளவு உண்டு, காய்ந்த புல்லை நீரில் ஊறவைத்துச் சர்க்கரையைக் குறைத்துத்தான் கொடுக்கிறோம். உடல் எடையில் ஒன்றரை சதவிகிதம், நாளுக்கு மூன்றரை கிலோ, தராசில் நிறுத்து. அவன் பார்க்கிற பார்வை இருக்கிறதே, கடன் வாங்கித் திருப்பாதவனைப் பார்க்கிற பார்வை.

15 வயதுக்குமேல் இது வந்தால் இன்னொன்றையும் மருத்துவர் சோதிப்பார், குஷிங்ஸ். மூளையடிச் சுரப்பியின் கோளாறு. வெயில் காலத்திலும் உதிராத நீண்ட மயிர் அதன் பெரிய அடையாளம். ரத்தப் பரிசோதனையில் தெரியும், மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம். குண்டுக்கு இல்லை, இதுவரை.

மார்ச் 19

"நோயைச் சொல்லாமல் விற்றுவிடுங்கள், இப்போது நன்றாகத்தானே நடக்கிறான்" என்று தனியாக எழுதியவருக்கு: உங்களிடம் குதிரை வாங்க மாட்டேன். வாங்குபவர் தெரியாமல் நல்ல மேய்ச்சலில் அவிழ்த்துவிட்டால் ஒரு வாரத்தில் மறுபடி வந்துவிடும். வாங்கும் முன் மருத்துவரை வைத்துச் சோதிக்கும்போது ரத்தம் எடுத்துப் பாதுகாத்து வைப்பதும் உண்டு, வலி மாத்திரை கொடுத்து நடக்கவைத்தார்களா என்று பிறகு பார்ப்பதற்காக. சும்மாவா கண்டுபிடித்தார்கள் அந்த வழக்கத்தை.

வயதிலும் இதேதான். வெள்ளியை 9 என்று சொல்லி எங்களுக்கு விற்றார்கள். பல் பார்த்தவர் சிரித்தார். மேல்தாடையின் ஓர வெட்டுப்பல்லில் பழுப்பாக ஒரு கோடு இறங்கும். ஏறத்தாழ 10 வயதில் ஈறோரம் தலைகாட்டி, 15-ல் பாதிப் பல்லுக்கு வந்து, 20-ல் அடிவரைக்கும் ஓடும். குதிரைக்குக் குதிரை கொஞ்சம் மாறும். ஆனால் வெள்ளிக்குப் பாதியைத் தாண்டியிருந்தது. ஒன்பதாம்!

மார்ச் 21

விற்பது, வைத்திருப்பது என்று இரண்டே கதவு மாதிரிப் பேசிக்கொண்டிருக்கிறோம். நடுவில் இரவல் கொடுப்பது இருக்கிறது. உரிமை நம்மிடம், குதிரை அவர்களிடம், செலவும் பராமரிப்பும் அவர்களுடையது. பாதி இரவலும் உண்டு. குதிரை நம் லாயத்திலேயே இருக்கும், இன்னொரு குழந்தை வாரத்தில் சில நாள் வந்து ஓட்டும், செலவில் ஒரு பங்கு தரும். சவாரிக்கு ஆகாத குதிரையை இன்னொரு குதிரைக்குத் துணையாகக் கொடுப்பதும் உண்டு. அதில் மட்டும் உஷார். துணை என்று வாங்கிப்போய் மருந்து கொடுத்து ஓட்டவைத்து விற்றவர்கள் இருக்கிறார்கள்.

"மறுபடி விற்றால் முதலில் எங்களிடம் கேட்க வேண்டும்" என்று எழுதிக்கொண்டு விற்கலாமே என்று ஒருவர். எழுதலாம், எழுதாததைவிட மேல். ஆனால் அவர்கள் கேட்காமல் விற்றுவிட்டால் குதிரை திரும்பி வராது, வழக்குதான் மிஞ்சும். பேச்சை நம்பி ஒருமுறை சுட்டுக்கொண்டதால் எனக்கு இரவல்தான் மனதுக்குச் சரியாகப் படுகிறது.

அதையும் எழுதிக்கொள்ளுங்கள். லாடக்காரருக்கு யார் கொடுப்பது, மருத்துவருக்கு யார், நடுராத்திரி வயிற்றுவலி வந்து அறுவையா கருணைக்கொலையா என்று கேட்டால் யார் பதில் சொல்வது, நம்மைப் பிடிக்க முடியவில்லை என்றால் யார். வேறு இடத்துக்கு மாற்றக்கூடாது. யார் ஏறலாம், எவ்வளவு எடைவரைக்கும். முறித்துக்கொள்ள எத்தனை நாள் முன்னறிவிப்பு. நாங்கள் எப்போது வந்து பார்க்கலாம். என் பட்டியலில் மேய்ச்சல் அளவுக்கு மட்டும் அரைப் பக்கம்.

கருணைக்கொலையைக் குறிப்பிட்டதற்கு ஒருவர் கோபித்திருக்கிறார். கோபித்துக்கொள்ளுங்கள். நடக்கவே வலிக்கும் கிழட்டுக் குதிரையைத் தெரியாத கைக்கு அனுப்புவதைவிடத் தன் லாயத்தில், தெரிந்த கை கழுத்தில் இருக்கும்போது முடிவது பெரிய கொடுமை என்று எனக்குத் தோன்றவில்லை.

மார்ச் 29

குண்டு போய்விட்டான். பத்து நாள் சோதனைக்கு. ஆறு வயதுப் பெண்குழந்தை, இருபது கிலோகூட இருக்க மாட்டாள். அம்மா சின்ன வயதில் குதிரையோடு வளர்ந்தவர், குளம்பு அழற்சி என்று நான் வாயெடுத்ததுமே புல்லைப் பற்றிக் கேட்டார். அங்கேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. வண்டியில் ஏற அடம்பிடிப்பான் என்று நினைத்தேன். உள்ளே புல் கட்டு தெரிந்ததும் எங்களைத் தாண்டி அவனே ஏறிவிட்டான். மகன்தான் திரும்பி நின்றுகொண்டான்.

மார்ச் 30

கருப்பன் இரவெல்லாம் கத்தினான். மூத்தவளின் பெரிய குதிரை, இங்கே வேறு எதற்கும் கத்தாதவன்.

மார்ச் 31

வேலியோரம் போவதும் திரும்புவதுமாக நடந்து நடந்து ஒரு தடமே விழுந்துவிட்டது. புல் நேற்று வைத்தது அப்படியே கிடக்கிறது. தண்ணீரில் வாய் வைக்கிறான், எடுத்துவிடுகிறான். வியர்த்துக் கழுத்தில் உப்புப் படிந்திருக்கிறது. மகள் ராத்திரி லாயத்திலேயே பாய் விரித்துப் படுத்தாள். மனுஷத் துணை அவனுக்குக் கணக்கிலேயே இல்லை. அவளைத் தாண்டிச் சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

ஏப்ரல் 2

இன்று காலை போய்க் குண்டை அழைத்து வந்துவிட்டேன். ஐந்தாம் நாள்.

சில குதிரைகள் சில நாளில் அடங்கிவிடும், சில அடங்காது என்றார் மருத்துவர். கருப்பன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, வயிற்றுவலி வருமோ என்ற பயம். அங்கே அந்தக் குழந்தை அழுதது. அவள் அம்மா மட்டும், "எங்கள் குதிரைக்கும் இப்படித்தான் இருக்கும், எடுத்துப் போங்கள்" என்றார்.

மார்ச் 3-ஆம் தேதி எழுதியதற்கு இப்போது திருத்தம் போட வேண்டும். ஓட்டாத குதிரைக்கு வேலை இல்லை என்ற நினைப்பில்தான் எல்லாக் கணக்கும் போட்டேன். குதிரை மந்தையில் வாழ்கிற பிராணி. ஒன்று படுத்துத் தூங்க இன்னொன்று நின்று பார்க்க வேண்டும். குண்டு ஆறு வருடமாக அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தான், எங்கள் கண்ணில் படவில்லை. அவனை அனுப்பியிருந்தால் கருப்பனுக்காக இன்னொரு மட்டக்குதிரையைத் தேடிக்கொண்டிருப்பேன். செலவு ஒரு காசு குறைந்திருக்காது.

சந்திப்பைப் பார்க்க வீடே திரண்டு நின்றது. மூக்கோடு மூக்கு வைத்தார்கள். கருப்பன் ஒரு சின்னக் கீச்சல். குண்டு அவனைச் சுற்றிக்கொண்டு போய், இரண்டு நாளாகத் தொடாமல் கிடந்த புல்லில் தலையை விட்டுவிட்டான். அவ்வளவுதான். மகள் வீடியோ எடுத்ததெல்லாம் வீண்.

ஏப்ரல் 5

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். மகளைத் தனியாகக் கேட்டாராம். ஓட்டப் பிடிக்கும், ஆனால் பெரிய குதிரை வேண்டும் என்றாளாம். கேட்டால் பேராசை என்று நினைப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்புறம் அவர் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: "எங்களிடம் இது ஒன்றுதான்."

இதை முதலிலேயே நான் கேட்டிருக்க வேண்டும். துணையில்லாமல் தனியாக நிற்கும் குதிரையா? அப்படியானால் என் வீட்டுக் கதை உங்களுக்குப் பொருந்தாது. ஓட்டாமல், துணையும் இல்லாமல் இன்னும் பதினைந்து வருடம் நிற்பதைவிட, வேறு குதிரைகள் இருக்கிற, சின்னக் குழந்தை இருக்கிற ஒரு வீட்டுக்குப் போவது அந்தக் குதிரைக்கு நல்லது. 13 வயது, சாது, நோயில்லை. கேட்டு வருவார்கள். நான் முதல் நாள் சொன்ன பதில் உங்கள் விஷயத்தில் சரியாகத்தான் இருக்கிறது, சொன்ன காரணங்கள்தான் பாதி உதவாதவை. பெரிய குதிரை ஒன்று வாங்கி இரண்டையும் வைத்துக்கொள்ள இடமும் வசதியும் இருந்தால் அதுவும் நல்ல வழி.

விற்பதென்றால் அவசரப்படாதீர்கள். வருகிறவர்களை மூன்று தடவை வரவழையுங்கள். முதல் தடவை எல்லாரும் நல்லவர்கள். சேணம் பூட்டித் தயாராக நிறுத்தி வைக்காமல், மேய்ச்சலில் இருக்கும் குதிரையை அவர்களையே பிடித்து வரச் சொல்லுங்கள். யார் போகிறார், கயிற்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு போகிறாரா, பிடிபடாவிட்டால் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். வெள்ளியை வாங்க வந்த குடும்பத்துக்கு நான் சேணம் பூட்டிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 11

அந்தப் பெண்குழந்தையை இங்கே வரச் சொல்லிவிட்டோம். பாதி இரவல். சனி, செவ்வாய். இன்று முதல் நாள்.

முதலில் அங்கவடி எட்டவில்லை. 7 என்று குறித்த துளைக்கும் மேலே இரண்டு துளை வேண்டும். மகன் உள்ளே போய்த் துளை போடும் கருவியைத் தேடி எடுத்து வந்தான். அவனை யாரும் கேட்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து வாரைக் கட்டையில் வைத்து அழுத்தினான். குழந்தை பக்கத்தில் குந்தி, பழைய எண்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிவிட்டு, "12 எங்கே?" என்று கேட்டாள்.

"அப்ப நான் வளரல" என்றான்.

புதுத் துளைக்குப் பக்கத்தில் 6 என்று எழுதிக் கொடுத்தான். பிறகு குண்டின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் வட்டமாக நடந்தான். கருப்பன் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே மென்றான்.

இடது வாரில் துளை கோணலாக விழுந்து அரை விரல்கடை கீழே இறங்கிவிட்டது. குழந்தை ஒரு பக்கமாகவே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். செவ்வாய்க்குள் வேறு வார் பார்க்க வேண்டும்.